ஐம்பதுக்கு மேல் குடோன் வேலை: முதல் எட்டு வாரம்

பெங்களூரைச் சுற்றி ஹொஸ்கோட்டை, நெலமங்கலா, ஆனேக்கல் பக்கமெல்லாம் பெரிய பெரிய குடோன்கள் எழும்பிவிட்டன. அங்கே பெட்டி எடுக்கவும் அடுக்கவும் வருகிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் பையன்கள். அவர்களுக்கு நடுவில் நரைத்த தலைகளும் தெரிகின்றன. அவர்களில் சிலர் சில மாதங்களுக்கு முன்புவரை ஏதாவது ஓர் ஆபீசில் பில் போட்டவர்கள், கணக்கு எழுதியவர்கள், ஸ்டோர் ரிஜிஸ்டர் பார்த்தவர்கள். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒருவரையாவது தெரியாதவர்கள் குறைவு.

"இந்த வயசுல மூட்டை தூக்கணுமா" என்று உறவுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். அடுத்த கேள்விக்கு யாரும் போவதில்லை. தூக்கித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டபிறகு, அந்த உடம்பு அதற்குப் பழகுமா? பழகும் என்றுதான் நான் சொல்வேன். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில்கூட உடம்பு உழைப்புக்குத் திரும்பும். அதற்கு அவகாசம் வேண்டும். இந்த வேலைகள் அமைந்திருக்கும் விதத்தில் அந்த அவகாசம்தான் கிடைப்பதில்லை. முதல் எட்டு வாரத்தைக் கடக்க முடியாமல்தான் பலர் விழுகிறார்கள்.

முதலில், அந்த ஆபீஸ் வேலை எங்கே போனது என்று பார்த்துவிடலாம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன்பு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் 2 சதவீதம் மத்திய விற்பனை வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்ன டெப்போ வைத்திருந்தன. ஒவ்வொரு டெப்போவிலும் ஒரு பில் கிளார்க், ஒரு ஸ்டாக் கிளார்க், கணக்குக்கு ஒருவர். ஜிஎஸ்டி வந்ததும் அப்படி மாநிலத்துக்கு ஒன்று வைக்கும் அவசியம் போய்விட்டது. நாலைந்து டெப்போவை மூடி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே பெரிய குடோனாகக் கட்டினார்கள்.

அப்புறம் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிவுசெய்யும் முறை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை வந்துவிட்டது. பீன்யாவில் இருக்கும் நடுத்தரப் பட்டறைகூட இப்போது அந்த வரம்புக்குள். பில் ஒரு இடத்தில் பதிவானால் வாங்குபவர் கணக்கிலும் தானாகவே காட்டுகிறது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆட்களின் வேலையில் பெரும்பகுதி அதோடு கரைந்தது. இடையில் 2020-இல் கொரோனா வந்து சின்னக் கம்பெனிகள் பலவற்றை மூடவைத்தது. ஒரே வரிச் சீர்திருத்தம் ஒரு பக்கம் நாற்காலிகளைக் குறைத்தது, இன்னொரு பக்கம் பெட்டி தூக்கும் இடங்களைக் கூட்டியது. ஆபீசிலிருந்து குடோனுக்குப் போகும் இந்தப் பாதை தற்செயலாக உண்டானதில்லை.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு. 1809-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் கண்டோன்மென்ட் உருவானபோது அதோடு வந்த குடும்பங்கள், பின்னி துணி மில்லில் நின்றவர்கள், கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் என்று இங்கே வேர்விட்ட பலருடைய தாத்தாக்கள் கை உழைப்பில் வாழ்ந்தவர்கள். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபின், அங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் வாழ்க்கை இன்றும் தொடர்கிறது. அந்தத் தலைமுறை பிள்ளைகளை டைப்ரைட்டிங்குக்கும் பி.காமுக்கும் அனுப்பியது, வெயிலில் நிற்காமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதான். ஆபீஸ் நாற்காலி ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை உழைப்பில் வாங்கியது. அதை இழப்பவர் தன் வேலையை மட்டும் இழந்ததாக நினைப்பதில்லை. இந்த வெட்கம் உடம்பையும் பாதிக்கிறது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உடம்புக்கு வருவோம். உட்கார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு முப்பது வயதுக்குமேல் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்ற கணக்கில் உழைப்புத் திறன் குறைகிறது. நான் சொல்வது, இதயமும் நுரையீரலும் சேர்ந்து உடம்புக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு. எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்யும் வேலை இந்த அதிகபட்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது உழைப்பு பற்றிய மருத்துவ ஆய்வுகளில் நெடுநாளாகச் சொல்லப்படும் அளவுகோல்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 25 வயதுப் பையனின் திறன் 100 என்று வைத்துக்கொள்வோம். குடோன் வேலைக்கு 30 தேவை. அவனுக்கு அது மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது, சாயங்காலம் கிரிக்கெட்கூட ஆடுவான். 52 வயதுக்காரரின் திறன் 75 என்றால், அதே 30 அவருக்கு 40 சதவீதம். இருவரும் தூக்குவது ஒரே பெட்டி, நடப்பது ஒரே தூரம். ஆனால் ஒருவர் எல்லைக்குள் இருக்கிறார், இன்னொருவர் காலையிலிருந்தே எல்லைக்கு வெளியே இருக்கிறார். மதியத்துக்குமேல் பெரியவர் தடுமாறுவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை, இந்தக் கணக்குதான் காரணம். நல்ல விஷயம் என்னவென்றால் அந்த 75 அப்படியே நிற்பதில்லை. படிப்படியாக வேலையைக் கூட்டினால் சில மாதங்களில் ஐம்பது வயதுக்காரருக்கும் அது கணிசமாக ஏறும்.

இங்கேதான் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. தசை சில வாரங்களிலேயே பலப்பட ஆரம்பித்துவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண்கள் அவ்வளவு சீக்கிரம் பலப்படாது, அவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். முதல் வாரம் உடம்பெல்லாம் அடித்துப்போட்டமாதிரி வலிக்கும். அந்த வலி வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், பிறகு தானே குறையும். அதற்காகப் பயப்பட வேண்டாம். மூன்றாவது நான்காவது வாரத்தில் "பழகிடுச்சு" என்று தோன்றும். கை பலமாக இருக்கும், வேகமும் வந்திருக்கும். நான் அஞ்சுவது அந்தக் கட்டத்தைத்தான். தசை தயார், நாண் தயாரில்லை. தோளுக்குமேல் கையைத் தூக்கி மேல் ரேக்கில் பெட்டியை வைக்கும்போது தோள்பட்டையில் சுருக்கென்று பிடிப்பது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். ஐம்பதுக்கு மேல் அந்த இடத்து நாண்கள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். ஒருமுறை கிழிந்தால் மாதக்கணக்கில் கை தூக்க முடியாது.

இடுப்புக்கு ஒரு தனி விதி உண்டு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எடுக்கும் வேலை அவற்றுக்கு அதிக அழுத்தம் தரும். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலேகாலுக்கு எழுந்து, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து, இறங்கியதும் தரையிலிருந்து பெட்டி எடுப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் சுற்றி நடந்து போவது, வந்ததும் முதலில் இடுப்புயர ரேக்குகளில் ஆரம்பிப்பது என்று சின்ன மாற்றங்களே போதும்.

இனி சர்க்கரை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது ஆபீஸ்காரர்களில் நிறைய பேர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். உட்கார்ந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி டாக்டர் எழுதிய அளவு அது. திடீரென்று ஒன்பது மணி நேரம் நடந்து தூக்கும் வேலைக்குப் போனால் தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்குப் பயம் குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்களுக்கும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். அதன் அறிகுறிகள் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, சோர்வு. மூட்டை தூக்குகிறவருக்கு இதெல்லாம் வேலையின் இயல்பு மாதிரியே இருக்கும். கூட இருப்பவர்களும் "புதுசுதானே, பழகிடும்" என்று விட்டுவிடுவார்கள்.

அதனால் வேலையில் சேருவதற்கு முன்பே டாக்டரிடம் போய், இனி உழைப்பு வேலை என்று சொல்லி மாத்திரை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை போடுபவர்களும் அப்படியே. தகரக் கூரைக்குக் கீழே வியர்வையில் நீர் போய், மாத்திரையிலும் போனால் தலைசுற்றி விழ நேரும். பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் புது சேஃப்டி ஷூ போட்ட முதல் வாரங்களில் தினமும் இரவு பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். கொப்புளம் வந்ததே அவர்களுக்குத் தெரியாது.

முன்னால் சொன்ன வெட்கம் இங்கேதான் குறுக்கே வருகிறது. சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் வேலை கிடைக்காது என்ற பயத்தில், குடோனுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியிடம் மறைக்கிறார்கள். குடோன் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, பல வருடமாகப் பார்த்த டாக்டரிடமும் மறைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தெரியாமல் போவதால் யாரும் எதையும் மாற்றுவதில்லை.

எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் கணக்குப் பார்த்தவர், இப்போது ஹொஸ்கோட்டைப் பக்கம் ஒரு குடோனில் பிக்கிங் வேலையில் இருக்கிறார். கையில் ஸ்கேனர், முன்னால் தள்ளுவண்டி. திரையில் வரும் ரேக் எண்ணைத் தேடிப் போய்ப் பொருளை எடுத்து ஸ்கேன் செய்து வண்டியில் போட வேண்டும். மணிக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு. அது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒன்றுதான். அவரை ஆரம்பத்தில் அதிகம் படுத்தியது எடையைவிட மூக்குக்கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடி அது, எழுத்துப் படிக்கும் பகுதி கீழே இருக்கும். மேல் ரேக் லேபிளைப் படிக்க ஒவ்வொரு தடவையும் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. நாளெல்லாம் அப்படிச் சாய்த்ததில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டன. பாதி வாரம் கழுத்துவலித் தைலத்தோடு போனது. கண்ணாடிக் கடையில் சொல்லி, கை நீட்டும் தூரத்துக்கு மட்டும் ஒரு மலிவான கண்ணாடி வாங்கிய பிறகுதான் சரியானது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒருநாள் லோடிங் பக்கம் ஆள் குறைவென்று அவரை லாரி ஏற்றும் டாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். சென்னைக்குப் போகும் லாரி, பாதி ஏற்றியாகிவிட்டது. டிரைவர் கையிலிருந்த இ-வே பில்லை, அதாவது சரக்கோடு போக வேண்டிய அரசுச் சீட்டை, பழக்க தோஷத்தில் வாங்கிப் பார்த்தவர், "தம்பி, வண்டி மாறிடுச்சு, பில்லுல பழைய நம்பர் இருக்கு" என்றார். சூப்பர்வைசர் கிருஷ்ணகிரிப் பையன். ஓடிவந்து பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க பாக்கலைன்னா அத்திப்பள்ளி தாண்டியிருக்காது" என்றாராம். வண்டி எண் பொருந்தாமல் வழியில் பிடிபட்டால் சரக்கை நிறுத்திவைத்து, வரியைப்போல இரண்டு மடங்குவரை அபராதம் போட முடியும். அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணி நேரம் அவரை டெஸ்பாட்ச் மேஜையில் உட்காரவைக்கிறார்கள். பில், வண்டி எண், பெட்டிக் கணக்கு மூன்றையும் ஒத்துப்பார்ப்பது அவர் வேலை.

அவருக்கு அது மரியாதையாகப் பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நாளின் நடுவில் அந்த இரண்டு மணி நேரம் அவர் உடம்புக்குக் கிடைத்த ஓய்வு. பழைய அனுபவமே பாரத்தைக் குறைத்துக் கொடுத்தது. அவர் அந்த வேலையில் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படி மாற்றி மாற்றி வேலை கொடுப்பதால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை என்பதற்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரிலுள்ள பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007-இல் ஒரு பரிசோதனை செய்தது. ஒரு உற்பத்தி வரிசையில் சராசரி வயது 47 வருமாறு ஆட்களை அமர்த்தி, அவர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டு ஏறத்தாழ 70 சின்ன மாற்றங்களைச் செய்தார்கள். கான்கிரீட்டுக்குப் பதில் மரத்தரை, அளவெடுத்த காலணி, உருப்பெருக்கிக் கண்ணாடி, நடுவில் உட்கார நாற்காலி, ஷிஃப்டுக்குள் வேலையை மாற்றிக்கொள்வது. ஒரு வருடத்தில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியது. நம் ஊர்க் குடோனில் மரத்தரை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் முதல் எட்டு வாரத்துக்கு டார்கெட்டைப் பாதியில் ஆரம்பித்து ஏற்றுவதற்கும், நின்று பேக்கிங் செய்யும் இடத்தில் ஒரு ரப்பர் பாய் போடுவதற்கும் செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆள் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று புலம்பும் ஏஜென்சிகள் இதைச் செய்து பார்க்காதது எனக்குக் கோபம் தருகிறது.

பணக் கணக்குக்கு வருகிறேன். ஆபீஸ் வேலை போன அன்றே கம்பெனி கொடுத்த குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும். பலரும் அதை இழந்த கவலையில், புது வேலையோடு ஈஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு வருவதைக் கவனிப்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் ஈஎஸ்ஐ உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான். சேர்ந்த நாளிலிருந்தே குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம். பெங்களூரில் ராஜாஜிநகர், இந்திராநகர், பீன்யா மூன்று இடத்திலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலையில் அடிபட்டு ஓய்வெடுக்க நேர்ந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சாதாரண நோய்க்கு விடுப்பெடுத்தால் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. இதற்கு மட்டும் முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆக, முதல் மாதங்களில் காய்ச்சலுக்குப் படுத்தால் சம்பளம் இல்லை, பெட்டி விழுந்து கால் நசுங்கினால் உண்டு. அடிபட்டதை அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதவைப்பது அதனால்தான் முக்கியம்.

பென்ஷனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிஎஃப் பென்ஷன் கணக்கு, சம்பளம் பெருக்கல் சேவை ஆண்டு, வகுத்தல் 70. அந்தச் சம்பளம் கடைசி 60 மாதச் சராசரி, உச்சவரம்பு 15,000. ஆபீசில் இருந்தபோது வரம்பைத் தொட்டிருந்தவர், குடோனில் பிஎஃப் கணக்குக்கு 11,000 சம்பளமாகக் காட்டப்பட்டால் சராசரி இறங்கும். 2014-க்குப் பிந்தைய 12 வருடச் சேவைக்கு மட்டும் பார்த்தால், 15,000-க்கு மாதம் 2,571 ரூபாய். கடைசி 60 மாதமும் 11,000 என்றால் 1,886. புது வேலையில் வருடங்கள் கூடுவதால் இதில் கொஞ்சம் ஈடாகலாம், ஆனாலும் சேரும்போதே பிஎஃப் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். 58-க்கு முன்னாலேயே பென்ஷன் வாங்கலாம் என்று ஆசைகாட்டுபவர்கள் உண்டு. 50 வயதிலிருந்து வாங்க முடியும், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க.

பழைய ஆபீசை விட்டு வரும்போதே பலர் தொலைத்துவிட்டு வரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். "நீங்களே பேப்பர் போட்டுடுங்க சார், அதுதான் மரியாதை" என்று எச்ஆர் சொல்ல, இவரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். ஆட்குறைப்பு என்றால் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ராஜினாமாவுக்கு அது கிடையாது. இது ஃபேக்டரித் தொழிலாளிக்கு மட்டும் என்றுதான் ஆபீஸ்காரர்கள் நினைக்கிறார்கள். பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்திலும் சரி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் சரி, எழுத்தர் வேலை செய்பவரும் தொழிலாளியே. இவ்வளவு சம்பளத்துக்குமேல் வாங்கினால் தொழிலாளி இல்லை என்ற வரம்பு மேற்பார்வை வேலைக்குத்தான். விசிட்டிங் கார்டில் அசிஸ்டென்ட் மேனேஜர் என்று இருந்தாலும், நாளெல்லாம் அவர் செய்தது என்ன வேலை என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். இன்னும் பேப்பர் போடாதவர்கள் கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

அந்தத் தொகுப்பில் இந்த வயதுக்காரர்களுக்கு உதவும் விஷயங்கள் வேறு சிலவும் இருக்கின்றன. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை, எல்லோருக்கும் எழுத்தில் அப்பாயின்ட்மென்ட் லெட்டர், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்பவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி). வழக்கமான ஐந்து வருட விதியில், குடோன் ஏஜென்சி மாறிக்கொண்டே இருந்தால் பணிக்கொடையை எட்டுவது கஷ்டம். எனவே லெட்டரில் 'குறிப்பிட்ட கால' வேலை என்று இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று பார்த்து வாங்க வேண்டும். வேலையின் பெயர் பிக்கர் என்று மட்டும் இருந்தால், டெஸ்பாட்ச் கணக்கு, ஸ்டாக் சரிபார்ப்பு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கலாம். பணிந்து பேசினாலும் பரவாயில்லை, கேட்டுவிட வேண்டும். டார்கெட் பேச்சு வரும்போது காட்டுவதற்கு அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.